இக்னோ எம்.பி.ஏ. (நிதி மேலாண்மை): பாடம் நன்று, விலை குறைவு, ‘இரண்டு ஆண்டு’ என்பதை மட்டும் நம்ப வேண்டாம்

வேலையை விடாமல் நிதித் துறையில் ஒரு முதுகலைப் பட்டம் வேண்டும் என்பவர்கள் முதலில் விசாரிப்பது இக்னோ என்னும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தைத்தான். எந்தப் பட்டப்படிப்பு முடித்தவரும் சேரலாம். பொதுப்பிரிவினர் 50 சதவீதமும் இடஒதுக்கீட்டுப் பிரிவினர் 45 சதவீதமும் வைத்திருந்தால் போதும். நுழைவுத்தேர்வு இப்போது கிடையாது. நான்கு செமஸ்டர் கட்டணத்தையும் கூட்டினால் 60,000 ரூபாயைச் சற்றுத் தாண்டும். தேர்வுக் கட்டணம் தாளுக்கு இத்தனை என்று தனி. பல தனியார் பல்கலைக்கழகங்கள் ஆன்லைன் எம்.பி.ஏ.வுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் கேட்கும் காலத்தில் இது மலிவுதான். பாடமும் மட்டமில்லை. அப்படியிருந்தும் சேர்பவர்களில் பலர் பாதியில் நின்றுபோவதற்குக் காரணம், விளம்பரத்தில் இருக்கும் ‘இரண்டு ஆண்டு’ என்ற சொல்லை அப்படியே நம்பித் திட்டமிடுவது.

இந்தக் கணக்கை இக்னோவின் விதியை வைத்தே போட்டுப் பார்க்கலாம். அங்கே ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேரப் படிப்பு. ஒரு தாள் 4 கிரெடிட், அதாவது 120 மணி நேரம். முதல் செமஸ்டரில் ஏழு தாள்கள், ஆக 840 மணி நேரம். அதை 26 வாரத்துக்குப் பிரித்தால் வாரத்துக்கு 32 மணி நேரத்துக்கு மேல் வருகிறது. காலை ஒன்பது மணிக்குப் போய் இரவு எட்டுக்குத் திரும்புகிறவருக்கு இது நடக்கிற காரியமா? கோட்பாட்டுத் தாள்களுக்கு இதில் பாதி நேரம் போதும் என்பது உண்மை. கணக்குத் தாள்களுக்கு 120 மணியும் தேவைப்படும். ஒரு தேர்வுப் பருவத்துக்கு இரண்டு கணக்குத் தாள், மூன்று கோட்பாட்டுத் தாள் என்று ஐந்தோடு நிறுத்திக்கொண்டால் வாரம் 16 மணி நேரத்தில் சமாளிக்கலாம். தேர்வு ஜூனிலும் டிசம்பரிலும் நடக்கிறது. இந்த வேகத்தில் போனால் படிப்பு முடிய மூன்று ஆண்டு ஆகும். உச்சவரம்பு நான்கு ஆண்டு என்பதால் கைவசம் ஓர் ஆண்டு மிச்சமும் இருக்கும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. தாள்களைத் தள்ளி எழுதலாம், ரீ-ரெஜிஸ்ட்ரேஷனைத் தள்ளக் கூடாது. முந்தைய செமஸ்டரில் ஒரு தாள்கூட எழுதாமல் இருந்தாலும் அடுத்த செமஸ்டருக்கு உரிய நேரத்தில் பதிவுசெய்துவிடலாம், செய்யவும் வேண்டும். ‘முதலில் அரியரை முடிப்போம், அப்புறம் பதிவோம்’ என்று ஒரு சுற்றை விட்டால் ஆறு மாதம் போய்விடும். கல்லூரிப் பழக்கத்தில் வருகிறவர்கள் இங்கேதான் அதிகம் தவறுகிறார்கள்.

சேர்க்கை ஜனவரி, ஜூலை என ஆண்டுக்கு இருமுறை. விண்ணப்பம் முழுக்க ஆன்லைனில். 2024 முதல் தொலைநிலைப் படிப்பில் சேர்கிற எல்லோரும் யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவில் ‘டெப் ஐடி’ எடுத்தாக வேண்டும். அதற்கு முன் டிஜிலாக்கர் வழியாக ஏ.பி.சி. ஐடி (மாணவரின் கிரெடிட்டுகளைச் சேர்த்துவைக்கும் கணக்கின் எண்) எடுக்க வேண்டும். அது ஆதாரிலிருந்து வருகிறது. தமிழ்நாட்டுக்காரர்களுக்குச் சிக்கல் இங்கேதான்: இனிஷியல். மார்க்ஷீட்டில் பெயருக்குப் பின்னால் இனிஷியல், ஆதாரில் முன்னால் இனிஷியல், பான் கார்டில் அப்பாவின் முழுப்பெயர் என்று மூன்று ஆவணத்தில் மூன்று மாதிரி இருந்தால், ஆதாரில் உள்ள பெயரே ஐடியில் ஏறும். விண்ணப்பத்தில் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள பெயரைத் தட்டினால் இரண்டும் ஒத்துப்போகாது. ஆதாரைச் சான்றிதழுக்கு ஏற்ப முதலில் திருத்திக்கொண்டு, அதன் பிறகு ஐடி எடுப்பதுதான் சரியான வரிசை. ஆதார் திருத்தத்துக்கு நாள் பிடிக்கும் என்பதால் சேர்க்கை தொடங்குவதற்கு இரண்டு மாதம் முன்பே பெயரைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

விண்ணப்பிக்கும்போது அச்சுப் புத்தகமா, மென்பிரதியா என்று கேட்பார்கள். மென்பிரதி எடுத்தால் படிப்புக் கட்டணத்தில் 15 சதவீதம் தள்ளுபடி. செமஸ்டருக்கு இரண்டாயிரத்துச் சொச்சம் மிச்சமாகும். ஆனால் ஏழு புத்தகத்தையும் ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து ஸ்பைரல் போட்டால் அந்த மிச்சம் கரைந்துவிடும். திரையில் படித்துப் பழகியவர் மென்பிரதி எடுக்கலாம். பென்சில் வைத்துக் கணக்குப் போட்டுப் படிப்பவருக்கு அச்சுப் புத்தகமே சரி. அது தபாலில் வந்து சேரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. இ-ஞானகோஷ் தளத்தில் பாடங்கள் யூனிட் வாரியாக இலவசமாகக் கிடக்கின்றன, சேராதவர்களும் படிக்கலாம். பணம் கட்டும் முன் அங்கே போய் நிதி மேலாண்மைத் தாளில் மூலதன முதலீட்டு முடிவுகள் பற்றிய யூனிட்டை எடுத்து, கடைசியில் உள்ள கணக்குகளைப் போட்டுப் பாருங்கள். இரண்டு வார இறுதிகளில் அந்த ஒரு யூனிட்டை முடிக்க முடியவில்லை என்றால், மூன்று ஆண்டு எப்படிப் போகும் என்பது கட்டணம் கட்டாமலே தெரிந்துவிடும்.

புத்தகங்கள் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன, தமிழில் கிடையாது. நடை எளிது. விளக்கம் படிப்படியாகப் போகிறது, ஆசிரியர் இல்லாமல் படிப்பவரை மனதில் வைத்து எழுதியது தெரிகிறது. தமிழ்வழியில் பி.காம். முடித்தவருக்கும் கணக்குத் தாள்கள் சுமையில்லை. ஒரு கேள்விக்கு நான்கு பக்கம் ஆங்கிலத்தில் எழுத வேண்டிய கோட்பாட்டுத் தாள்கள்தான் கஷ்டம். ஸ்டடி சென்டரில் வார இறுதியில் கவுன்சலிங் வகுப்பு இருக்கும், வருகை கட்டாயமில்லை. சில வகுப்புகளில் பாடத்தைத் தொட்டுவிட்டுப் போவதோடு சரி, அதை நம்பிச் சேரக் கூடாது.

இனி பாடத்துக்கு வருவோம். நிதித் தாள்களில் முதலில் வருவது மேலாளர்களுக்கான கணக்கியல். வணிகவியல் படிக்காதவர்கள் இதில் பணப்பாய்வு அறிக்கையில் தடுக்கி விழுகிறார்கள். கடனாளிகள் தொகை ஏறினால் பணம் உள்ளே வரவில்லை என்று பொருள், அதனால் கழிக்க வேண்டும். கடனீந்தோர் தொகை ஏறினால் பணம் இன்னும் வெளியே போகவில்லை, கூட்ட வேண்டும். தேய்மானம் பணமாகப் போகாத செலவு, லாபத்தோடு திரும்பக் கூட்ட வேண்டும். இந்த மூன்றும் பிடிபட்டால் பாதி வேலை முடிந்தது.

இரண்டாம் செமஸ்டரின் நிதி மேலாண்மைத் தாள்தான் முழுப் படிப்புக்கும் அச்சாணி. இதை அரைகுறையாகத் தாண்டிவிட்டு மூன்றாம், நான்காம் செமஸ்டரின் சிறப்புத் தாள்களுக்குப் போனால் அங்கே ஒன்றும் நிற்காது. மார்க் போகும் இடங்கள் ஆண்டுதோறும் ஒன்றேதான்.

மூலதன முதலீட்டுக் கணக்கை எடுத்துக்கொள்வோம். இயந்திரம் 10 லட்சம், ஆயுள் 5 ஆண்டு, நேர்கோட்டு முறையில் தேய்மானம் ஆண்டுக்கு 2 லட்சம், வரிக்குப் பின் லாபம் 1.4 லட்சம், தள்ளுபடி விகிதம் (பின்னால் வரும் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் விகிதம்) 12 சதவீதம். ஆண்டுப் பணவரவு 1.4 அல்ல, 3.4 லட்சம். 12 சதவீதத்தில் 5 ஆண்டுக்கான கூட்டுக் காரணி, அதாவது ஆண்டுக்கு ஒரு ரூபாய் வந்தால் அவற்றின் இன்றைய மதிப்புகளின் கூட்டு, 3.6048. பெருக்கினால் 12.26 லட்சம், முதலீட்டைக் கழித்தால் நிகர தற்போதைய மதிப்பு 2.26 லட்சம். தேய்மானத்தைக் கூட்ட மறந்து 1.4 லட்சத்தையே பெருக்கினால் 5.05 லட்சம்தான் வரும், நல்ல திட்டத்தை ‘வேண்டாம்’ என்று எழுதிவிட்டு வருவீர்கள். இன்னொரு பொறி, கடன் வட்டியைப் பணவரவிலிருந்து கழிப்பது. வட்டிச் செலவு 12 சதவீதத் தள்ளுபடி விகிதத்துக்குள் ஏற்கெனவே இருக்கிறது. கழித்தால் இரண்டு முறை எண்ணியதாகும். கடைசி ஆண்டில் நடைமுறை மூலதனம் (அன்றாடத் தொழிலை ஓட்டப் போட்ட பணம்) திரும்ப வருவதையும் பலர் விட்டுவிடுகிறார்கள்.

காரணி அட்டவணை தேர்வறையில் கிடைக்காமலும் போகலாம். ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும் சாதாரண 12 இலக்க கால்குலேட்டரே போதும். 1 ÷ 1.12 என்று அடித்து = விசையை ஐந்து முறை அழுத்தினால் 0.8929, 0.7972, 0.7118, 0.6355, 0.5674 என்று ஒவ்வொன்றாக வரும். ‘ஜி.டி.’ (மொத்தக் கூட்டுத்தொகை) விசை உள்ள கால்குலேட்டர் என்றால் அதை அழுத்தினதும் கூட்டுத்தொகை 3.6048 வந்துவிடும். சில கேசியோ மாடல்களில் முறை வேறு: 1.12 அடித்து ÷ விசையை இருமுறை அழுத்தி, பிறகு 1 அடித்து = விசையை அழுத்திக்கொண்டே போக வேண்டும். எந்த மாடல் என்பதை வீட்டிலேயே பழகிக்கொண்டு, தேர்வுக்கு அதே கால்குலேட்டரைக் கொண்டுபோக வேண்டும்.

மூலதனத்தைத் திரட்ட ஆகும் செலவுக் கணக்கில் வரிச் சலுகை கடனுக்கு மட்டும்தான். சாதாரணப் பங்கு 60 லட்சம் 15 சதவீதத்தில், முன்னுரிமைப் பங்கு 10 லட்சம் 10 சதவீதத்தில், கடன் 30 லட்சம் 12 சதவீதத்தில், வரி 30 சதவீதம் என்றால், கடனின் செலவு 8.4 சதவீதமாகக் குறையும், முன்னுரிமைப் பங்கின் செலவு 10 சதவீதமாகவே நிற்கும். சராசரி 9 + 1 + 2.52 = 12.52 சதவீதம். முன்னுரிமைப் பங்குக்கும் வரியைக் கழித்து 12.22 என்று எழுதுபவர்கள் இன்றும் ஏராளம். டிவிடெண்ட் லாபத்தைப் பங்கிடுவது, செலவு அல்ல, அதனால் வரி குறையாது.

சிறப்புத் தாள்களில் நடைமுறை மூலதன மேலாண்மைதான் வேலைக்கு நேரடியாகப் பயன்படும். வங்கியில் கடன் பிரிவில் இருப்பவர்களுக்கு இது அன்றாட வேலை. ஒரு தொழிலுக்கு வங்கி எவ்வளவு நடைமுறை மூலதனக் கடன் தரலாம் என்று வகுத்த டாண்டன் குழுவின் முறைகளில் முதலுக்கும் இரண்டாவதுக்கும் வேறுபாடு 25 சதவீதத்தை எதிலிருந்து எடுக்கிறோம் என்பதில். நடப்புச் சொத்து (சரக்கு, வர வேண்டிய பாக்கி போன்றவை) 100 லட்சம், வங்கிக் கடன் நீங்கிய நடப்புப் பொறுப்பு (விரைவில் கொடுக்க வேண்டிய பாக்கி) 40 லட்சம் என்று வைப்போம். முதல் முறையில் இடைவெளியான 60 லட்சத்தில் 75 சதவீதம், அதாவது 45 லட்சம் கடன். இரண்டாம் முறையில் மொத்தச் சொத்தில் 75 சதவீதமான 75 லட்சத்திலிருந்து 40 லட்சத்தைக் கழித்து 35 லட்சம். இரண்டாவதில் உரிமையாளர் போட வேண்டியது அதிகம், அதனால் வங்கிக்குப் பாதுகாப்பும் அதிகம். இந்த ஒரு வரியை எழுதினால்தான் விடை முழுமையாகும். ரிசர்வ் வங்கி இந்த முறைகளைக் கட்டாயமாக்கியிருந்ததை 1997-இல் தளர்த்திவிட்டது. சிறு தொழில்களுக்கு நாயக் குழுவின் விற்றுமுதல் முறைதான் புழக்கத்தில் இருக்கிறது: எதிர்பார்க்கும் விற்பனை 2 கோடி என்றால் அதில் 25 சதவீதமான 50 லட்சம் நடைமுறை மூலதனத் தேவை, வங்கி 40 லட்சம் தரும், உரிமையாளர் 10 லட்சம் போட வேண்டும்.

முதலீட்டுப் பகுப்பாய்வுத் தாளில் எல்லோரும் ஒரு தடவையாவது செய்யும் பிழை, இடர்களைச் சராசரி எடுப்பது. 20 சதவீத விலக்கமுள்ள (வருமானம் சராசரியிலிருந்து விலகும் அளவு) பங்கு பாதி, 30 சதவீத விலக்கமுள்ள பங்கு பாதி, இரண்டுக்கும் ஒட்டுறவு பூஜ்யம் (ஒன்றின் ஏற்ற இறக்கத்துக்கும் மற்றதுக்கும் தொடர்பில்லை) என்றால் விடை 25 அல்ல, 18.03. இரண்டில் குறைந்ததையும்விடக் கீழே வருவதுதான் பொருளாதார அறிஞர் மார்க்கோவிட்ஸ் 1952-இல் சொன்ன விஷயம். சர்வதேச நிதித் தாளில் எந்த நாட்டு வட்டி மேலே, எந்த நாட்டு வட்டி கீழே என்பதில் தடுமாற்றம் வரும். டாலர் 83 ரூபாய், இந்திய வட்டி 7, அமெரிக்க வட்டி 5 என்றால், ஓராண்டு முன்பேர விலை (பின்னொரு தேதிக்கு இன்றே பேசிவைக்கும் விலை) 83 × 1.07 ÷ 1.05 = 84.58. வட்டி அதிகமுள்ள நாட்டின் நாணயம் முன்பேரத்தில் மலிவாக இருக்க வேண்டும். விடை 83-க்குக் கீழே வந்தால் தலைகீழாகப் போட்டிருக்கிறீர்கள் என்று அங்கேயே தெரிந்துவிடும். மேலாண்மைக் கட்டுப்பாட்டு முறைகள் தாளில் கணக்கு குறைவு, எழுத்து அதிகம். மனப்பாடக்காரர்களுக்கு மார்க் தரும் தாள் அது, அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

இந்தப் படிப்பில் குறை என்று சொல்ல வேண்டியவை இரண்டு. அச்சுப் புத்தகம் சட்ட மாற்றத்தின் வேகத்துக்கு ஓடாது. டிவிடெண்ட் விநியோக வரி 2020 ஏப்ரல் 1 முதல் ஒழிந்தது, இப்போது பங்குதாரர் கையில்தான் வரி. பங்கு வர்த்தகத் தீர்வு 2023 ஜனவரியில் முழுமையாக ஒரே வேலைநாளுக்கு வந்துவிட்டது. டாலர் லைபார் (லண்டன் வங்கிகளுக்கிடையிலான அளவுகோல் வட்டி) 2023 ஜூனோடு முடிந்தது. சிறு நிறுவனங்களுக்குச் சட்டக் கெடுவுக்குள் (அதிகபட்சம் 45 நாள்) பணம் தராவிட்டால் அந்தச் செலவைப் பணம் கொடுத்த ஆண்டில்தான் வருமான வரியில் கழிக்க முடியும் என்ற விதி 2023-24 நிதியாண்டிலிருந்து நடப்பில் உள்ளது. மூலதன ஆதாய வரி விகிதங்கள் 2024 ஜூலை 23 முதல் மாறின. புத்தகத்தில் இந்த இடங்கள் வரும்போது ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது குறை, தேர்வு முழுக்க பேனாவும் காகிதமும். வேலைக்குத் தேவையான எக்செல் பழக்கத்தைப் படிப்பு தானாகத் தராது. ஒவ்வொரு கணக்கையும் கையால் போட்டபின் ஷீட்டிலும் போட்டுப் பார்ப்பது அவசியம். அங்கேயும் ஒரு பொறி: எக்செலின் என்.பி.வி. (நிகர தற்போதைய மதிப்பு) சார்பு முதல் எண்ணையே ஓராண்டு தள்ளுபடி செய்துவிடும். தொடக்க முதலீட்டை அதற்குள் போடாமல் வெளியே வைத்துக் கழிக்க வேண்டும். மேலே சொன்ன கணக்கில் அதை உள்ளே போட்டால் 2.26 லட்சம் 2.01 லட்சமாகக் குறையும்.

மதிப்பீட்டில் அசைன்மென்ட்டுக்கு 30 சதவீதம், தேர்வுக்கு 70. இரண்டிலும் தனித்தனியாகத் தேற வேண்டும். அசைன்மென்ட் கேள்விகள் பருவத்துக்குப் பருவம் மாறும். பழைய பருவத்துக் கேள்விக்கு எழுதினால் உழைப்பு வீண். ஏ4 தாளில் கையால் எழுதி, முதல் பக்கத்தில் பதிவு எண், பாடக் குறியீடு, ஸ்டடி சென்டர் எண் போட்டு, கொடுக்கும் முன் எல்லாப் பக்கத்தையும் ஸ்கேன் எடுத்துவையுங்கள். ஒப்புகைச் சீட்டில்லாமல் வரக் கூடாது. மார்க் ஏறாமல் போனால் அதுவும் ஸ்கேனும்தான் சாட்சி. விடைகளை விற்கும் கடைகள் உண்டு, தவிர்க்க வேண்டியவை. ஒரே விடையை ஐம்பது பேர் எழுதியிருப்பார்கள், திருத்துபவருக்கு அது தெரியாதா? தேர்வுப் படிவம் தனியாக நிரப்ப வேண்டும் என்பதும் நினைவில் இருக்கட்டும். அசைன்மென்ட் கொடுத்துவிட்டு, படிவம் நிரப்பாமல் ஹால் டிக்கெட்டுக்காகக் காத்திருப்பவர்கள் ஒவ்வொரு பருவமும் உண்டு. தேர்வில் தோற்றால் தேர்வை மட்டும் மறுபடி எழுதினால் போதும், தேறிய அசைன்மென்ட் மார்க் அப்படியே இருக்கும்.

புராஜெக்ட்டுக்கு முதலில் சினாப்சிஸ் (என்ன ஆய்வு, எப்படி என்ற சுருக்கத் திட்டம்) ஒப்புதல் பெற வேண்டும். திருப்பி அனுப்பப்படுவதற்கான காரணங்கள் பெரும்பாலும் சாதாரணமானவை: கைடின் கையெழுத்திட்ட சுயவிவரம் இல்லை, தலைப்பு நிதித் துறையில் இல்லை, தரவு எங்கிருந்து வரும் என்று எழுதவில்லை. ‘வங்கி வாடிக்கையாளர் திருப்தி’ மாதிரித் தலைப்புகள் மார்க்கெட்டிங் பக்கம் சாய்ந்துவிடும். திருப்பூர் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் ஐந்தாண்டு நடைமுறை மூலதனச் சுழற்சி, அல்லது பட்டியலிடப்பட்ட சிமென்ட் நிறுவனங்களின் கடன்-பங்கு விகிதமும் லாபமும் என்று எடுத்தால் எல்லை தெளிவாக இருக்கும். இரண்டாவதற்கு ஆண்டறிக்கைகளே போதும், யாரிடமும் அனுமதி கேட்டு அலைய வேண்டாம். மூன்றாம் செமஸ்டர் தொடங்கும்போதே கைடைப் பிடித்துவிடுவது நல்லது. ஒப்புதல் வரத் தாமதமானால் மற்ற தாள்கள் எல்லாம் முடிந்தும் பட்டம் மட்டும் காத்திருக்கும்.

பட்டத்தின் மதிப்பைப் பற்றி இரண்டு பக்கமும் மிகைப்படுத்திப் பேசுகிறார்கள். யு.ஜி.சி.யின் 2020 ஒழுங்குமுறைப்படி, அங்கீகாரம் பெற்ற தொலைநிலைப் பட்டம் நேரடிக் கல்லூரிப் பட்டத்துக்குச் சமம். வேறு பல்கலைக்கழகத்தில் சேர நினைப்பவர்கள், அந்தப் படிப்புக்கு நீங்கள் சேரும் ஆண்டில் அங்கீகாரம் இருக்கிறதா என்று தொலைநிலைக் கல்விப் பிரிவின் தளத்தில் பார்க்க வேண்டும். பல்கலைக்கழகத்தின் பழைய பெயரும் புகழும் இதற்கு உதவாது. தெருமுனையில் ‘இங்கே எம்.பி.ஏ. சேர்க்கை’ என்று பலகை வைத்திருக்கும் இடைத்தரகரை நம்பவும் கூடாது. தொலைநிலைப் படிப்பை ஃபிரான்சைஸ் கொடுத்து நடத்த அனுமதியே இல்லை. சமம் என்பதற்கும் எல்லை உண்டு. பொதுத்துறை வங்கிகளுக்கு ஆள் எடுக்கும் ஐ.பி.பி.எஸ். சிறப்பு அதிகாரி தேர்வில் மார்க்கெட்டிங், எச்.ஆர். பணிகளுக்கு ‘இரண்டு ஆண்டு முழுநேர’ முதுகலைப் படிப்பு என்றே கேட்கிறார்கள். முதலீட்டு வங்கி, பெரிய ஆலோசனை நிறுவனங்கள் போன்றவை பெரும்பாலும் வளாகத் தேர்வில்தான் ஆள் எடுக்கின்றன, இக்னோவில் அது நடக்காது. ஏற்கெனவே வங்கியிலோ கணக்குப் பிரிவிலோ இருந்து பதவி உயர்வுக்கோ கடன் பிரிவுக்கு மாறுவதற்கோ படிப்பவருக்கு இந்தப் பட்டம் நன்றாகவே பயன்படும். வங்கி ஊழியர்களுக்கான சி.ஏ.ஐ.ஐ.பி. தொழில்முறைத் தேர்வை முடித்தவர் என்றால், அவர்களுக்கென்றே அந்தத் தேர்வை நடத்தும் ஐ.ஐ.பி.எஃப். நிறுவனத்தோடு சேர்ந்து இக்னோ நடத்திவந்த வங்கி-நிதி எம்.பி.ஏ. அந்தப் பருவத்தில் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு இதற்கு வரலாம். முழுநேரப் படிப்பில் இருப்பவருக்கும் வழி அடைக்கப்படவில்லை. 2022 ஏப்ரலில் யு.ஜி.சி. வெளியிட்ட வழிகாட்டுதல்படி ஒரு முழுநேரப் பட்டத்தோடு ஒரு தொலைநிலைப் பட்டமும் ஒரே நேரத்தில் படிக்கலாம். தேர்வுத் தேதிகள் மோதாமல் பார்த்துக்கொள்வது மாணவரின் பொறுப்பு.